பப்ஸா, பன்னா, பிஸ்கட்டா: உள்ளே காரம் வைத்துச் சுட எந்த மாவு?

மேல்வீட்டு அக்கா தீபாவளித் தள்ளுபடியில் ஒரு ஓ.டி.ஜி. (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) வாங்கினார். இரண்டு மாதம் கேக், கேக், கேக்தான். வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு திகட்டிப்போய் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, "காய், கறி, சீஸ்னு ஏதாவது உள்ளே வச்சு சுடலாம்னு பார்க்கிறேன், ஆளுக்கொரு மாவு சொல்றாங்க, நீ எதுல செய்வே?" என்றார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நான் மூன்று மாவிலும் செய்கிறேன், மூன்றிலும் ஒருமுறையாவது ட்ரேயோடு குப்பையில் கொட்டியிருக்கிறேன்.

மூன்று என்பது இவை. ஒன்று, பேக்கரி பப்ஸின் அடுக்கு மாவு. இரண்டாவது, ஈஸ்ட் போட்ட பன் மாவு. மூன்றாவது பிஸ்கட் மாவு. பிஸ்கட் என்றதும் டீயில் நனைப்பதை நினைக்காதீர்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிஸ்கட் என்றால் பேக்கிங் பவுடரும் மோரும் சேர்த்து, குளிர்ந்த வெண்ணெயை மாவில் உதிர்த்துச் செய்யும் மெத்தென்ற ஒன்று. வெளியே லேசாக மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. (பிஸ்கட் என்ற சொல்லுக்கே லத்தீன் மூலத்தில் இருமுறை சுட்டது என்றுதான் பொருள். அமெரிக்கர்களோ ஒரே முறை சுட்டுவிட்டு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.) அட்லாண்டாவில் இருக்கும் என் தங்கைதான் எனக்கு இதைப் பழக்கியவள். அங்கே பெரும்பாலும் வெறும் பிஸ்கட்டைப் பிளந்து நடுவில் ஏதாவது வைத்துச் சாப்பிடுவார்கள். மசாலாவை உள்ளே வைத்து மூடியே சுடுவதும் உண்டு, நமக்கு அதுதான் தோது.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

படத்தில் எது அழகாக இருக்கிறது என்று பார்த்து மாவைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தப்பு. நான் முதலில் கேட்கும் கேள்வி, எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்பது. சுட்ட அரைமணியிலா, நாலு மணி நேரம் கழித்து டிபன் பாக்ஸிலிருந்தா, மறுநாளா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

அடுத்தது சமையலறைச் சூடு. வெண்ணெய் 20 டிகிரி தாண்டினாலே குழைய ஆரம்பிக்கும், 32 டிகிரிக்கு மேல் உருகிவிடும். ஏப்ரல், மே மாதத்தில் சென்னை சமையலறையில் அடுப்பும் ஓவனும் சேர்ந்தால் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்றில் இரண்டு மாவு வெண்ணெய் கட்டியாக இருந்தால்தான் வேலை செய்யும்.

நேரத்தைக் கணக்குப் போடும்போது கை வேலை செய்யும் நேரத்தையும் சும்மா காத்திருக்கும் நேரத்தையும் பிரித்துப் பாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் துணி மடிக்கலாம், ஆனால் வீட்டை விட்டு வெளியே போக முடியாது. அப்புறம் செலவு. அதில் பெரும்பங்கு வெண்ணெய்தான், மைதாவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கடைசியாக மசாலாவின் ஈரம். இது எந்த மாவை எடுத்தாலும் கூடவே வரும் தலைவலி என்பதால் முதலில் அதைப் பேசிவிடுவோம்.

## மசாலா சரியில்லை என்றால் எந்த மாவும் காப்பாற்றாது

முட்டைகோஸ், காளான், குடைமிளகாய், வெங்காயம் எல்லாமே பெரும்பகுதி தண்ணீர். உப்புப் போட்டதும் விட ஆரம்பிக்கும், ஓவனில் மிச்சத்தையும் விடும், அந்த ஈரம் அடிமாவில் இறங்கி வேகாத களி மாதிரி ஒரு படலம் உண்டாகும். மேலே பொன்னிறம், கீழே பச்சை மாவு. அதனால் காயைச் சட்டியில் மூடி போடாமல் வதக்கி, கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி காய்ந்து தெரியும் வரை இறக்கக் கூடாது. அப்படியும் சந்தேகமாக இருந்தால் ஒரு கப் மசாலாவுக்கு ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலைப் பொடி தூவிக் கிளறுங்கள். பிரெட் தூளும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பொட்டுக்கடலைக்கு வாசமும் இருக்கிறது. மசித்த உருளைக்கிழங்கு இன்னும் நல்லது, ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், மசாலா உதிராமலும் பிடிக்கும். பேக்கரி வெஜ் பப்ஸில் ஏன் எப்போதும் உருளைக்கிழங்கு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?

கறி என்றால் முழுதாக வெந்துதான் உள்ளே போக வேண்டும். 18 நிமிடம் ஓவனில் இருந்தாலும் நடுவில் இருக்கும் பச்சைக் கறி வேகும் என்று நம்ப முடியாது. கோழிக்கறியின் நடுப்பகுதி 74 டிகிரி தொட வேண்டும், மாவுக்குள் பொதிந்திருப்பது அதைத் தொட்டதா என்று தெர்மாமீட்டர் குத்தாமல் தெரியாது. மட்டன் கொத்துக்கறியில் இன்னொரு சங்கதி: அதன் கொழுப்பு ஆறினால் வெள்ளையாக உறைந்து அண்ணத்தில் ஒட்டும். அதனால் மட்டன் வைத்தால் சூடாகவே சாப்பிட்டு முடியுங்கள், ஆறியபின் சாப்பிடுவதென்றால் கோழி. இரண்டையுமே சுட்டபின் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், நம் ஊர் வெயிலுக்கு அதற்கும் முன்பே. பள்ளிக்கு எட்டு மணிக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டரைக்குத் திறக்கும் டப்பாவில் கறி வைப்பதை நான் விட்டுவிட்டேன், அதற்குக் காய்தான்.

சீஸில், கடையில் கட்டியாக விற்கும் ப்ராசஸ்டு சீஸ் இந்த வேலைக்கு உண்மையிலேயே வசதி. அதில் சேர்த்திருக்கும் குழம்பாக்கும் உப்புகளால் சூட்டில் நெய் தனியாகப் பிரியாமல் குழைந்து நிற்கும். மொசரெல்லா இழுபடும், படத்துக்கு அழகு, ஆனால் அதிலும் ஈரம் உண்டு, ஆறியதும் ரப்பர். பனீர் உருகவே உருகாது, அதனால் ஒழுகும் பயமில்லை, ஆனால் 'சீஸ்' என்று எதிர்பார்த்துக் கடிக்கிற பிள்ளை முறைக்கும். எதுவானாலும் துண்டாக வெட்டி 20 நிமிடம் ஃப்ரீசரில் போட்டு, மசாலாவின் நடுவில் புதைத்து வையுங்கள். மாவின் ஓரத்தில் பட்டால் அந்த இடத்தில் மூடல் பிரிந்து சீஸ் எல்லாம் ட்ரேயில் கருகும்.

மசாலா நன்றாக ஆற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடாக வைத்தால் வெண்ணெய் அங்கேயே உருகிவிடும். வதக்க 20 நிமிடம், ஆற 40 நிமிடம்: செய்முறையில் 'தயாரிப்பு நேரம் 30 நிமிடம்' என்று போட்டிருப்பவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நான் முதல்நாள் இரவே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன்.

## பப்ஸ் மாவு

எட்டு பப்ஸுக்கு மைதா 250 கிராம், வெண்ணெய் 200 கிராம். மாவில் பலகை போலத் தட்டிய வெண்ணெயை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடித்து, அரைமணி ஃபிரிட்ஜில் வைத்து, திரும்பத் தேய்த்து மடிக்க வேண்டும். நாலு முறை செய்தால் 81 அடுக்கு, ஆறு முறை செய்தால் 729. வெண்ணெயிலும் மாவிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்குகிறது, ஈஸ்ட்டும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. வெண்ணெய் ஒரு தடவை குழைந்து மாவோடு கலந்துவிட்டால் அடுக்கு என்பதே கிடையாது, கனத்த ரொட்டிதான்.

பேக்கரிக்காரர்களுக்கு மட்டும் எப்படி மே மாதத்திலும் வருகிறது என்றால், அவர்களில் பலர் பயன்படுத்துவது வெண்ணெய் அல்ல, இதற்கென்றே வரும் மார்கரின் அல்லது வனஸ்பதி. அது நம் உடல் சூட்டைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும். வேலைக்குச் சுலபம், வாயில் மெழுகு மாதிரி ஒட்டுவதும் அதனால்தான். வெண்ணெயில் செய்த பப்ஸ் வாயில் வைத்ததும் கரைகிறது, அதற்காகத்தான் வீட்டில் செய்வதே.

செலவு? 100 கிராம் வெண்ணெய் 60 ரூபாய் என்று வைத்தால், வெண்ணெய் மட்டும் 120 ரூபாய், ஆக ஒரு பப்ஸுக்கு 15 ரூபாய், மசாலா சேராமல். கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம், அதில் கை வேலை ஒரு மணி. சுட 200 முதல் 210 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம். சில கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ்கள் 200 டிகிரிக்கு மேல் போகாது, அதில் அடுக்கு விரிவதற்குள் வெண்ணெய் ஒழுகிவிடும் அபாயம் உண்டு.

உறைய வைத்த ஷீட் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது, அது வேலையைப் பாதியாக்கும். வாங்குமுன் உறையைத் திருப்பிப் பாருங்கள், வெண்ணெய் என்று இல்லாவிட்டால் பேக்கரி ருசிதான் வரும், அதற்கு நேராகப் பேக்கரிக்கே போய்விடலாம்.

பப்ஸ் எப்போது சரி? டிசம்பர், ஜனவரியில், வீட்டுக்கு வரும் நாலைந்து பேருக்கு, சுட்டுச் சூடாகத் தட்டில் வைப்பதற்கு. டிபன் பாக்ஸுக்கு வேண்டவே வேண்டாம். மூடிய டப்பாவில் ஒரு மணி நேரத்தில் தன் ஈரத்திலேயே நமத்துப்போகும்.

## பன் மாவு

மூன்றில் மன்னிக்கும் குணம் இதற்குத்தான் அதிகம். மைதா 300 கிராம், வெதுவெதுப்பான பால் 190 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு சின்ன ஸ்பூன், சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு ஒரு சின்ன ஸ்பூன், வெண்ணெய் 30 கிராம். பத்து நிமிடம் பிசைய வேண்டும், அதுதான் ஒரே உடல் உழைப்பு. வெயில் இங்கே எதிரி இல்லை, கூட்டாளி. ஆங்கிலச் செய்முறையில் ஒன்றரை மணி நேரம் உப்ப விடச் சொல்லியிருந்தால் சென்னையில் 45 நிமிடம் போதும். கடிகாரத்தை நம்பி ஒன்றரை மணி நேரமும் விட்டால் மாவு புளித்து, கள் வாசம் அடித்து, சுட்டதும் அமுங்கிப்போகும். முதல் தடவை எனக்கு நேர்ந்தது அதுதான்.

இலங்கைக்காரர்களைக் கேட்டால் இதில் விவாதமே இல்லை என்பார்கள். அங்கே மாலு பாண் என்று முக்கோணமாக ஒன்று உண்டு. சிங்களத்தில் மாலு என்றால் மீன், பாண் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். மீனும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மிளகும் சேர்த்துப் புரட்டிய மசாலா உள்ளே இருக்கும். முச்சக்கர வண்டியில் பீத்தோவனின் ஃபூர் எலிஸ் மெட்டைப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வரும் சூன் பாண் வண்டியின் கண்ணாடிப் பெட்டியில் இதைப் பார்க்கலாம். வெயிலில், வண்டியில் சுற்றியும் நமத்துப்போகாமல் இருக்கிறது என்றால் மாவின் தன்மையும் அந்த மசாலாவின் வறட்சியும்தான் காரணம்.

190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும், கை வேலை 40 நிமிடம். வெண்ணெய்ச் செலவு 18 ரூபாய்தான். இதன் மறைமுகச் செலவு ஈஸ்ட்: பொட்டலத்தைப் பிரித்தபின் காற்றுப்புகாமல் ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் மெல்லச் செத்துவிடும், மாவு பிசைந்து ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் அது செத்திருப்பதே தெரியும். பழைய பொட்டலம் என்றால் முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையோடு கரைத்துப் பாருங்கள், பத்து நிமிடத்தில் நுரைக்க வேண்டும்.

குறை என்னவென்றால் மொறுமொறுப்பு துளியும் கிடையாது. எவ்வளவு நல்ல மசாலா வைத்தாலும் 'காரப் பன்' என்ற அளவில்தான் நிற்கும்.

## பிஸ்கட் மாவு

இப்போது நான் அதிகம் செய்வது இதைத்தான், ஆரம்பத்தில் அதிகம் தோற்றதும் இதில்தான். தங்கை வீட்டில் நவம்பர் குளிரில் அரைமணியில் செய்து அசத்திவிட்டு, ஊர் திரும்பியதும் ஏப்ரலில் அதே அளவில் செய்தேன். வெண்ணெய் கையிலேயே நெய்யாகி, ஓவனில் எட்டும் சேர்ந்து ஒரே அடையாகப் பரவியது. மாமியார் பார்த்துவிட்டு, "அடைன்னா தோசைக்கல்லிலேயே பண்ணியிருக்கலாமே" என்றார்.

சரி, எங்கள் ஊர்ச் சூட்டுக்கு நான் வந்து சேர்ந்த அளவு இது. மைதா 220 கிராம், கார்ன்ஃப்ளோர் 30 கிராம், பேக்கிங் பவுடர் 3 சின்ன ஸ்பூன், உப்பு அரை சின்ன ஸ்பூன், வெண்ணெய் 80 கிராம், கெட்டி மோர் சுமார் 150 மில்லி. அமெரிக்கத் தெற்கில் இதற்கென்று புரதம் குறைந்த மென்கோதுமை மாவு விற்கிறார்கள், நம் மைதாவில் புரதம் அதைவிடக் கூடுதல், அதற்காகத்தான் கார்ன்ஃப்ளோர். வெண்ணெயை ஃப்ரீசரில் கல்லாக உறைய வைத்து, கேரட் துருவும் துருவியில் துருவி மாவில் கலந்துவிடுங்கள், கையே படத் தேவையில்லை. மாவுக் கிண்ணத்தையும் கால்மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மே மாதத்திலும் சமாளிக்கலாம். மோரை ஊற்றிப் பிசையக் கூடாது, ஒன்றுசேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தால் இழுபட்டுக் கெட்டியாகிவிடும், பரம்பரைக் கைப்பழக்கம் குறுக்கே வரும் இடம் இதுதான்.

அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, வட்டமாக வெட்டி, 30 கிராம் குளிர்ந்த மசாலா வைத்து, கொழுக்கட்டைக்குக் கூட்டுவது போல ஓரங்களைக் கூட்டிக் கிள்ளி மூடி, மூடிய பக்கம் அடியில் இருக்கும்படி வையுங்கள். 210 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். மசாலா தயாராக இருந்தால் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெண்ணெய் 48 ரூபாய்.

இதன் பெரிய வசதி ஃப்ரீசர். மூடிய பச்சை உருண்டைகளைத் தட்டில் பரப்பி உறைய வைத்து, அப்புறம் ஒரு கவரில் போட்டுவிட்டால், வேண்டும்போது எடுத்து உறைந்தபடியே ஓவனில் வைக்கலாம், ஐந்தாறு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். உருளைக்கிழங்கும் பனீரும் மட்டும் உறைந்தெழுந்தால் நறநறவென்று ஆகிவிடும், ஃப்ரீசருக்குப் போவது கொத்துக்கறியோ கோஸ்-கேரட்-சீஸோ ஆக இருக்கட்டும்.

மறைமுகச் சிக்கல் உப்பு. கடை வெண்ணெயில் உப்பு, சீஸில் உப்பு, பேக்கிங் பவுடரிலும் சோடியம், மசாலாவிலும் நாம் போட்டது. தனித்தனியாக ருசி பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும், சேர்ந்தால் கரிக்கும். உப்பு வெண்ணெய் என்றால் மாவின் உப்பைக் கால் ஸ்பூனாக்கி, மசாலாவை அரை உப்போடு நிறுத்துங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் பன் மாவுதான் மேல். இன்னொன்று, பேக்கிங் பவுடர் திறந்து பல மாதம் ஆனதா என்று பாருங்கள். கொதிநீரில் ஒரு ஸ்பூன் போட்டால் பொங்க வேண்டும்.

மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் அருமை. மறுநாள் உதிரும், தொண்டையை அடைக்கும். இந்த ஒரு குறை போதும், ரயில் பயணத்துக்கு இதை எடுத்துப்போக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | பப்ஸ் | பன் | பிஸ்கட் |
|---|---|---|---|
| மொத்த நேரம் (மசாலா சேராமல்) | மூன்றரை மணி | இரண்டரை மணி | ஒரு மணிக்குள் |
| கை வேலை | 1 மணி | 40 நிமிடம் | 30 நிமிடம் |
| எட்டுக்கு வெண்ணெய்ச் செலவு | 120 ரூ. | 18 ரூ. | 48 ரூ. |
| கோடையில் | வேண்டாம் | மிக நன்று | வெண்ணெய் உறைந்திருந்தால் சரி |
| ஈர மசாலாவைத் தாங்குமா | தாங்காது | ஓரளவு | கொஞ்சம் |
| நாலு மணி நேரம் கழித்து | நமத்துப்போகும் | நன்றாக இருக்கும் | பரவாயில்லை |
| மறுநாள் | ஓவனில் சூடாக்கினால் மீளும் | நன்றாக இருக்கும் | வறண்டுவிடும் |
| பச்சையாக உறைய வைக்க | நன்று | அவ்வளவு சுகமில்லை | மிக நன்று |
| பொருத்தமான உள்ளடக்கம் | உருளைக்கிழங்கு, முட்டை | மீன், கோழி, பட்டாணி | கோஸ்-சீஸ், கொத்துக்கறி |

மறுபடி சூடாக்குவதற்கு மைக்ரோவேவ் வேண்டாம், பப்ஸ் தோலாகும், சீஸ் ரப்பராகும். ஓ.டி.ஜி.யில் 170 டிகிரியில் ஆறேழு நிமிடம் வையுங்கள்.

## யாருக்கு எது

பள்ளி டிபன், ராத்திரி ரயில், அலுவலகத்துக்கு எடுத்துப்போய்ப் பகிர்வது: பன், அதுவும் காய் வைத்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் திடீரென்று ஆள் வந்து நிற்கும் வீடு என்றால் ஃப்ரீசரில் ஒரு கவர் பிஸ்கட் எப்போதும் இருக்கட்டும். கை பழகாதவர் முதல்முறை ஈஸ்ட்டைத் தொடப் பயப்படுவார், ஆனால் நான் சொல்வேன், பயப்பட வேண்டியது வெண்ணெயைத்தான், பன்னிலேயே தொடங்குங்கள்.

பிறந்தநாளுக்கு முப்பது பேர் என்றால்? பேக்கரியில் சொல்லிவிடுங்கள். 30 லிட்டர் ஓ.டி.ஜி.யில் ஒரு தடவைக்கு எட்டு அல்லது ஒன்பதுதான் இடிக்காமல் உட்காரும். நாலு சுற்று சுட்டு முடிக்கும்போது முதல் சுற்று ஆறிப்போயிருக்கும், நீங்கள் குழந்தை கேக் வெட்டியதையே பார்த்திருக்க மாட்டீர்கள்.

அக்காவுக்கு நான் பன் என்றுதான் சொன்னேன், அவர் வீட்டில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள். அவர் தலையாட்டிவிட்டுப் போய் ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் செய்தார், காரணம் அவர் கணவருக்குக் கொத்துக்கறி வேண்டுமாம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள் வேண்டுமாம். மூன்று எனக்கு அனுப்பினார். மாவு நன்றாக வந்திருந்தது. உப்பு கரித்தது.